அர்ச்சனையில் சொன்ன பெயர்

தம்பி,

போன வாரம் போனில் நீ சொன்னது என் மனதில் அப்படியே நிற்கிறது. "அம்மா, இனிமே ஒங்கிட்ட எதையும் குடுத்து வைக்கமாட்டேன். தை மாசம் கல்யாண வேலையைப் பாரு, நிம்மதியா இரு" என்றாய். ஆறுதலாகத்தான் சொன்னாய். ஆனால் போனை வைத்த பிறகு நான் காய்ந்த துணிகளை மடிப்பதும் பிரிப்பதுமாக வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பொறுப்பை இறக்கி வைத்தால் உடம்பு லேசாக வேண்டும். எனக்கு அப்படி ஆகவில்லை. வைத்திருந்த காலத்தைப் பற்றி உன்னோடு உட்கார்ந்து ஒரு நாளும் பேசவில்லையே என்றுதான் தோன்றியது. உன் பூட்டின் சாவியில் என்னிடம் இருந்த பாதியை இனி நீ வேறு யாரிடமாவது கொடுப்பாய். வரப்போகிற மருமகளிடமே கொடுக்கலாம். கொடு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லப்போவதில்லை. அதை வைத்திருந்தவளுக்கு என்ன நேர்ந்தது, அவளால் இன்னொருத்திக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதிவிடுகிறேன். உன் பத்திரிகை ஆசிரியர் இதை அச்சிடலாமா என்று கேட்டார். உன்னைப்போல வேலை பார்க்கிற பிள்ளைகளைப் பெற்றவர்களும் படிக்கட்டும் என்று சம்மதித்தேன். சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எந்தக் கடற்கரை, எந்தக் கோயில் என்று எழுதமாட்டேன். அந்தப் பெண்ணின் பெயரும் இதில் இருக்காது. அவள் படித்துச் சரி என்றால்தான் இது அச்சுக்குப் போகும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகிக் கறம்பக்குடிப் பக்கம் வந்த பிறகு, எழுத்து மறந்துபோய்விடக் கூடாது என்றுதான் வீட்டுக் கணக்கை எழுதத் தொடங்கினேன். பால், பூ, உரம், உன் ஸ்கூல் வேன், அப்பாவின் வெற்றிலை பாக்கு எல்லாம் எழுதினேன். எழுதியெழுதியே பேப்பர் படிக்கப் பழகினேன், பேப்பர் படித்தே உலகம் கொஞ்சம் புரிந்தது. எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு அது நடந்ததாகவே தோன்றும். அப்படிப்பட்டவளிடம் வந்து, எழுதவே கூடாத ஒன்றை நீ கொடுத்தாய்.

அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். நீ திருச்சியிலிருந்து வந்த களைப்போடு எதிரே உட்கார்ந்து நாலு பயறை எடுத்து உருட்டிக்கொண்டே கேட்டாய்.

"பேங்க் லாக்கர் தெரியும்லம்மா? நம்ம சாவி ஒன்னு, மேனேஜர் சாவி ஒன்னு. ரெண்டும் சேந்தாத்தான் திறக்கும். அது மாதிரி ஒன்னு நான் வச்சிருக்கேன். ஒரு சாவி நீ வச்சுக்கணும்."

உன்னை நம்பி மனிதர்கள் தரும் படங்கள், பேச்சுகள், காகிதங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் எழுத்தெழுத்தாகக் கலைத்துப் போடப்படும் என்றாய். சாவி இல்லாமல் யார் எடுத்தாலும் அது வெறும் குப்பைதான். அதன் பிரதி ஒன்று எங்கோ தொலைவில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தாலும், அந்தக் கம்பெனிக்காரர்களுக்கே அதைப் படிக்க முடியாது. என்கிரிப்ஷன் என்று அதற்குப் பெயரும் சொன்னாய். சாவி என்பது ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத சொற்களின் வரிசை. முன்பாதி உன்னிடம், பின்பாதி என்னிடம். உன்னை யாராவது உட்கார வைத்துத் திற திற என்று நெருக்கினாலும், தனியாக உன்னால் திறக்க முடியாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்றாய்.

"லாக்கர் சாவி தொலைஞ்சா ஆள் வச்சு ஒடைப்பாங்க. இதைத் தொலைச்சா?"

"ஒடைக்க முடியாதும்மா. போனது போனதுதான்."

"அப்ப நான் செத்துப்போனா?"

"அதுவும் போயிரும்."

"நல்லாருக்குடா ஒன் பூட்டு. நான் சாகக் கூடாதுன்னு சொல்ல இப்படி ஒரு வழியா?" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. எழுதக் கூடாது, போனில் சொல்லக் கூடாது, அப்பாவிடமும் சொல்லக் கூடாது என்று வரிசையாகச் சொன்னாய். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எழுதாமல் எப்படி வைத்துக்கொள்வது என்று மறுநாள் கோயில் பிராகாரத்தைச் சுற்றும்போது வழி கிடைத்தது. ஒவ்வொரு சந்நிதியிலும் ஒரு சொல்லை வைத்தேன். பிள்ளையாருக்கு வெள்ளரி. தட்சிணாமூர்த்திக்குத் தபால். லிங்கோத்பவருக்கு ஊசி. பிரம்மாவுக்கு ஒன்று, துர்க்கைக்கு ஒன்று, சண்டிகேசுவரருக்கு ஒன்று. கும்பிட்டுக்கொண்டே மனதுக்குள் அந்தச் சொல்லை அந்தச் சாமியின் காலடியில் வைத்துவிட்டு நகர்வேன். சாமி காரியத்தில் இந்தச் சொற்களைக் கலக்கலாமா என்று முதலில் கூசியது. பிறகு, மனிதர்களைக் காப்பாற்றத்தானே என்று தேற்றிக்கொண்டேன். அந்தச் சொற்களை இப்போது எழுத முடிகிறது, ஏனென்றால் அவை செத்த சொற்கள். நீ பூட்டையே மாற்றிவிட்டாய்.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. ஆனால் நான் சொன்ன அந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தாள். கடலோரத்து ஐஸ் கம்பெனி ஒன்றில் அமோனியா வாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்துபோனதைப் பற்றி நீ விசாரித்துக்கொண்டிருந்த நேரம். குடித்துவிட்டுப் போய் வால்வைத் தவறாகத் திருகினான், அதனால் செத்தான் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அவள் அதே கம்பெனியில் ஐஸ் ஏற்ற வரும் வண்டிகளுக்குச் சீட்டுப் போடுகிற பெண். துருப்பிடித்து அரித்துப்போன குழாயை, சம்பவத்துக்கு முன்பே அவள் போனில் படமெடுத்து வைத்திருந்தாள். சீசன் முடியட்டும், அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று முதலாளி சொன்ன பேச்சும் அதே போனில் பதிவாகி இருந்தது. எல்லாவற்றையும் உன்னிடம் கொடுக்க, யாரும் சந்தேகப்படாத இடமாக நம் வீட்டைச் சொல்லியிருந்தாய். சொந்தக்காரப் பெண் வருவதுபோல ஒரு தூக்குச்சட்டியோடு அவள் வந்தாள்.

பெயர் கேட்காதே என்று நீ எனக்கு முன்பே சொல்லியிருந்தாய். ஆனால் இலையில் உட்கார்ந்த பெண்ணிடம் எந்த ஊர், யார் மகள் என்று கேட்காமல் சோறு போட எனக்குத் தெரியாதே, தம்பி. ரசம் ஊற்றும்போது வாய் தானாகக் கேட்டுவிட்டது. நீ "அம்மா!" என்று ஒரு குரல் கொடுத்தாய். அவள்தான் சிரித்தாள்.

"விடுங்கண்ணே. அம்மாகிட்டதானே. பேரு சொல்லாமச் சாப்பிட்டா எனக்கும் எறங்காது."

சொன்னாள். நம் பக்கம் அதிகம் கேட்காத பெயர். நல்ல பெயரா இருக்கே, என்ன நட்சத்திரம் என்று அதையும் கேட்டு வைத்தேன். பிறகு, ஏன் ஆத்தா இந்தப் பொல்லாப்பெல்லாம் ஒனக்கு, என்றேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது இதுதான்: "அவரு குடிக்கவே மாட்டாரும்மா. செத்தவரு செத்துட்டாரு. குடிகாரன் பொண்டாட்டின்னு அந்த அக்கா தெருவுல தலைகுனிஞ்சு போகுது. அதைத்தான் என்னால பாக்க முடியல."

நீ எழுதியது பத்திரிகையில் வந்தது. அதன் பிறகு யார் கொடுத்தது, யார் கொடுத்தது என்று கம்பெனி தேடத் தொடங்கியதும், போலீஸ் உன்னை விசாரணைக்கு அழைத்ததும், உன் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டதும் உனக்குத் தெரிந்த கதை. நம் வீட்டுக்கும் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்தார். வயதானவர், மரியாதையாகத்தான் பேசினார். மோர் கொடுத்தேன். "தம்பி ஒங்ககிட்ட எதும் குடுத்து வச்சிருக்காராம்மா? பென்டிரைவ், பேப்பர், எதாச்சும்?" என்று கேட்டார். வீட்டைத் தாராளமாகப் பாருங்கள் என்றேன். அலமாரியில் என் கணக்கு நோட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "கொத்தமல்லிக் கட்டு வரைக்கும் எழுதி வச்சிருக்கீங்களேம்மா, எங்க வீட்ல ஆயிரம் ரூபா போன எடம் தெரியாது" என்றார். அப்பா பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். அவர் தேடியது என் நெஞ்சுக்குள் இருந்தது. எனக்கு என்னைப் பற்றிப் பயமில்லை. உன்னைப் பற்றியும், உண்மையைச் சொன்னால், அவ்வளவு பயமில்லை. உனக்கு ஆசிரியர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். அன்றைக்கும் வழக்கம்போல வேலைக்குப் போய், அந்த முதலாளி எதிரிலேயே சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

பயம் வந்தால் எனக்குப் போக ஒரே ஓர் இடம்தான் உண்டு. அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். நல்ல கூட்டம். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். உன் பெயர், நட்சத்திரம் சொன்னேன். அடுத்து அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். யோசிக்கவே இல்லை, தம்பி. சாமியிடம் யாருக்காகக் கேட்கிறோமோ அவர் பெயரைச் சொல்லித்தானே கேட்க வேண்டும் என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. குருக்கள் அதைக் கணீரென்ற குரலில் திருப்பிச் சொன்னார். மண்டபத்தில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. தீபாராதனையைக் கண்ணில் ஒற்றித் திரும்பினால், பின்னால் உன் அத்தை நிற்கிறாள்.

"என்ன மதினி, தம்பி பேரு சரி. கூடவே ஒரு பொண்ணு பேரு வருதே? எங்களுக்கெல்லாம் சொல்லாமலே நிச்சயம் பண்ணிட்டீங்களா?"

"அட, நீங்க ஒன்னு. என் ஒன்னுவிட்ட தங்கச்சி மக. கண்ணுல ஆபரேசன்."

"எந்தத் தங்கச்சி? நான் பாக்காத தங்கச்சியா?" என்று இடித்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இந்தப் பேரை எங்கயோ கேட்டிருக்கேனே. ஆங், எங்க வீட்டுக்காரரு மீன் வண்டிக்கு ஐஸ் ஏத்தப் போவாருல்ல, அங்கிட்டுச் சீட்டுப் போடுற புள்ளைக்கும் இதே பேருதான். அபூர்வமா இருக்கேன்னு வந்து சொன்னாரு" என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு நேராக வெளியே வந்துவிட்டேன். இன்றுவரை அத்தைமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் காதில் விழுந்ததைச் சொன்னாள். பொய் சொன்னவள் நான், அதுவும் சந்நிதியில் விபூதியைக் கையில் வைத்துக்கொண்டு.

போனில் சொல்லக் கூடாது என்ற உன் பேச்சு அப்போதாவது நினைவுக்கு வந்தது. அப்பாவிடம் உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து திருச்சிக்கு ஒரு பஸ். தனியாக அவ்வளவு தூரம் நான் வந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்கு எதிரே வைத்து உன்னிடம் சொன்னேன். நீ டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டாய். என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். "கம்ப்யூட்டர்லேருந்து ஒரு எழுத்து வெளிய போகலம்மா" என்றாய். நீ பெரிய பெரிய ஆட்களால் திறக்க முடியாத பூட்டைப் போட்டிருந்தாய். பூசைத் தட்டோடு போன நான் அதைத் திறந்துவிட்டேன்.

நீ அன்று செய்ததை நான் மறக்கமாட்டேன். மறைக்கலாமா, கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்றுதான் நான் கேட்டேன். நீ "இல்லம்மா, மொதல்ல அவங்களுக்குச் சொல்லணும். என்ன செய்யணும்னு அவங்கதான் முடிவு பண்ணணும்" என்றாய். அத்தையோ மாமாவோ எங்கும் வாய் திறந்தார்களா என்று நமக்குத் தெரியாது. தெரிந்த பிறகு கிளம்பினால் காலம் கடந்திருக்கும் என்று சொல்லி, அன்றைக்கே ஆள் மூலம் அவளுக்குச் சொல்லி அனுப்பினாய். அவள் அண்ணன் வீட்டுக்குத் திருப்பூர் போவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டுச் சாதாரணமாகக் கிளம்பிப் போய்விட்டாள். பிறகு திரும்பவில்லை. வேலை போயிற்று, கடல் போயிற்று, பழகிய தெரு போயிற்று. உன் மூலமாக எனக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தாள். "அம்மாவைத் திட்டாதீங்கண்ணே. எங்காத்தா போன பொறகு எனக்குன்னு ஆரும் தட்டு எடுத்ததில்ல." அவள் திட்டியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும்.

அதற்குப் பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் விளக்கேற்றுவதோடு சரி. ஒன்று, சாமி முகத்தில் விழிக்கக் கூசியது. இன்னொன்று, அத்தை. பார்க்கிற இடத்திலெல்லாம் "மதினி, அந்தப் புள்ளைக்குக் கண்ணு தெளிஞ்சிருச்சா?" என்று கேட்பாள். ஒருமுறை பழனிக்குப் போய் வந்தவள், அந்தப் பெண்ணுக்கென்று தனியாக ஒரு விபூதிப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். கண்ணுக்கு நல்லது, பூசச் சொல்லுங்க என்றாள். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்வது?

செத்தவரின் மனைவி போட்ட நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு வந்தபோது அந்தப் பெண்ணிடமிருந்தே சேதி வந்தது. தான் சொன்னதைத் தானே வந்து சொல்வதாகவும், படங்களையும் பேச்சையும் எடுத்துத் தரும்படியும் கேட்டிருந்தாள். நீ வீட்டுக்கு வந்தாய். புது லேப்டாப்பை அரிசி மூட்டை மேல் வைத்து, உன் பாதியை அடித்துவிட்டு என் பக்கம் பார்த்தாய். நான் உன் காதில் சொல்லத் தொடங்கினேன். வெள்ளரி, தபால், ஊசி. அதற்கு அடுத்தது வரவில்லை. துர்க்கை சொல் வந்தது, சண்டிகேசுவரர் சொல் வந்தது, நடுவில் பிரம்மாவின் இடம் காலியாக இருந்தது. நான் இத்தனை மாதமாகச் சுற்றவில்லை அல்லவா? கண்ணை மூடினேன், திறந்தேன், அடுப்படிக்குப் போய் வந்தேன். எழுதி வைத்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேனே என்று எனக்கு ஆத்திரம். ஆனால் எழுதி வைத்திருந்தால் அந்தக் கண்ணாடிக்காரர் அதை எடுத்துப் போயிருப்பார். ஒரு பெண் வேலையை விட்டு, ஊரை விட்டு, கடைசியில் பயத்தையும் விட்டு வந்து நிற்கிறாள். அவள் கொடுத்ததெல்லாம் என் ஒரு மறதியால் எவருக்கும் எட்டாமல் போகப்போகிறது. அந்த நேரத்தில் அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஆத்தாளும் மகனும் காதுல ஓதிக்கிட்டு இருக்கீங்க? குறி கேக்குறீங்களா?"

"கோயிலுக்குப் போயிட்டு வாரோம்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பிள்ளையாரிடமிருந்து தொடங்கினேன். நீ என் பின்னாலேயே வந்தாய். பிரம்மாவின் முன்னால் நின்றேன். அந்த இடத்தில் யாரும் அதிகம் நிற்பதில்லை, நானும் எப்போதும் அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்கிறவள்தான். அன்று நின்றேன். பக்கத்தில் கோமுகியிலிருந்து அபிஷேகத் தண்ணீர் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வாளி எனக்குப் பிடிக்கவில்லை. என்னவோ தப்பாக இருந்தது. முன்பு அங்கே இருந்தது வேறு வாளி. நசுங்கிய தகர வாளி. சொட்டுச் சொட்டாக விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அன்று அந்தச் சொல்லை அங்கே வைத்தேன். "தகரம்" என்று உன் காதில் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ என் தோளைப் பிடித்துக்கொண்டாய். அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு சாமியை நிமிர்ந்து பார்த்தேன்.

விசாரணையில் அவள் பேசியதை நீ வந்து சொன்னாய். வேலையை விட்டு ஏன் ஓடிப்போனாய் என்று கம்பெனி வக்கீல் மடக்கியபோது, "ஓடலைங்க. இன்னைக்கு இங்க வந்து நிக்கணும்ல, அதுக்காக ஒதுங்கியிருந்தேன்" என்றாளாம். குழாய் பழுதாக இருந்தது, செத்தவர் குடித்திருக்கவில்லை என்று பதிவாயிற்று. அந்த அம்மாளுக்குப் பணம் எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சு தெருவில் நின்றுவிட்டது. அந்தப் பெண் கேட்டது அதைத்தான். அதற்கு அவள் கொடுத்த விலையில் என் வாய் சேர்த்து வைத்த பங்கும் இருக்கிறது. கடலோரத்தில் இனி எந்த ஐஸ் கம்பெனியும் அவளுக்கு வேலை தராது. திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் முடிந்த பிறகு அத்தையிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். அவள், "அப்ப நான் குடுத்த பழனி விபூதி?" என்றாள். "பூசையறையில அப்படியே இருக்கு" என்றேன். "சாமி முன்னாடி எங்கிட்டப் பொய் சொல்ல ஒங்களுக்கு எப்படி மதினி மனசு வந்துச்சு?" என்று கோபித்துக்கொண்டு, ஆனால் காபியும் போட்டுக் கொடுத்தாள். அப்பாவுக்குச் சொன்னபோது அவர் சாப்பிட்டு முடித்து எழுந்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவரிடம் நான் மறைத்தது அது ஒன்றுதான். கை கழுவிக்கொண்டு வந்து, துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்லதுதான். சொல்லியிருந்தா நான் டீக்கடையில சொல்லியிருப்பேன்." சிரித்தார், ஆனால் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பையும் அந்த முகத்தையும் நீ சேர்த்துப் புரிந்துகொள்.

அதனால் கல்யாணத்துக்கு முன்பே உன் மனைவியாகப் போகிறவளிடம் உட்கார்ந்து பேசு. நம் வீட்டில் ஒரு பூட்டு இருக்கிறது என்பதை அவளிடம் மறைக்காதே. நான் மறைத்தேன், அது அப்பாவுக்கு வலித்தது. உள்ளே இருப்பது உன் பொருள் இல்லை, பிறர் உன்னை நம்பி விட்டுப்போனது, அதனால் அவளுக்குக்கூடக் காட்ட உனக்கு உரிமை இல்லை என்று சொல். அவள் கோபித்தால் கோபிக்கட்டும், பொறுத்துக்கொள். மறுபாதியை அவளிடம் தருவதாக இருந்தால், யார் யார் உன்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார்களோ அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுத் தா. என்னிடம் தரும்போது நீ யாரையும் கேட்கவில்லை. அம்மாதானே என்று நினைத்தாய். அந்தப் பெண்ணும் அம்மாதானே என்று நினைத்துத்தான் தன் பெயரைச் சொன்னாள். அம்மா என்றால் பத்திரம் என்று நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்டீர்கள். அன்பு இருந்தால் போதாது தம்பி, அன்பே சில நேரம் வாயைத் திறந்துவிடுகிறது. உன் பூட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது போல, அதை வைத்திருப்பவர் வீட்டில் எப்படி வாழ்கிறார், எங்கே போகிறார், எதைக் கண்டால் பேசுகிறார் என்பதையும் நீ பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நானும் அப்பாவும் திருப்பூர் போய் வந்தோம். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில் இருக்கிறாள். அப்பா வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டை நீட்ட, நான் குங்குமம் வைத்துவிட்டேன். உறையில் பெயர் எழுதாமலே கொண்டு போயிருந்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வர ஆசைதான், ஆனால் கடலோரத்து ஆட்களும் வருவார்களே என்று தயங்கினாள். அப்புறம் கேட்டாள்.

"மண்டபத்துல ஆராச்சும் நீ ஆருன்னு கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

ஏதாவது ஒரு உறவைச் சொல்லிவிடலாம் என்று என் வாய் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"அது ஒன் இஷ்டம் ஆத்தா. ஒன் பேரைச் சொன்னாலும் சரி, வேற சொன்னாலும் சரி. நீ என்ன சொல்றியோ அதையேதான் நானும் சொல்லுவேன்."

அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எப்படிச் சொல்லிக்கொள்ளப்போகிறாள் என்று எனக்கும் தெரியாது. மேடையில் மாலையோடு நீ நிற்கும்போது கூட்டத்தில் அவளைப் பார்த்துவிட்டால், சந்தோஷத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடாதே. கைகூப்பி "வாங்க" என்று மட்டும் சொல். அவள் மேலே ஏறி வந்து, மருமகளிடம் தன்னை இன்னார் என்று தானே சொல்லட்டும். அதுவரை நீ பொறுத்திரு.

அம்மா